ஒண்டுக் குடித்தனப் பூசலும் வீட்டுக்காரரும்

வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்வோரிடையே பூசல் எழுவது புதுமை அன்று. அப்பூசல் எழும்போது வீட்டுக்காரர் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். ‘நாம் மாணவர், வாடகை கொடுப்பவரே அன்றி வாங்குபவர் அல்லர், இப்பாடம் நமக்கு எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் திருவனந்தபுரத்தில் நாம் வாழும் முறையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். விடுதியில் இடம் கிடைக்காத மூவரோ நால்வரோ கூடி, காரியவட்டத்திலோ ஸ்ரீகாரியத்திலோ கரமனையிலோ ஒரு வீடு பிடிக்கிறோம். ஒப்பந்தத்தில் ஒருவர் கையெழுத்திடுகிறார். முன்பணமும் அவர் பெயரிலேயே போகிறது. அடுத்த ஆண்டு இருவர் படிப்பை முடித்துச் செல்ல, புதியவர் இருவர் வருகின்றனர். அவர்கள் வாடகையைத் தருவது யாரிடம்? சாவி வாங்குவது யாரிடம்? ‘குழாய் ஒழுகுகிறது’ என்று முறையிடுவது யாரிடம்? கையெழுத்திட்ட அந்த மாணவரிடமே. அவர் அறியாமலே அரை வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

தமிழருக்கு இது பழகிய கலை என்றே சொல்ல வேண்டும். சென்னையில் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் என்ற வாழ்க்கை முறை பல தலைமுறை நடந்தது. நீண்ட ஒரு வீடு; அறைக்கு ஒரு குடும்பம்; எல்லோர்க்கும் ஒரு கிணறு, ஒரு குழாய், கொல்லைப்புறத்தில் ஒரு கழிப்பிடம். வீட்டுக்காரர் பெரும்பாலும் முன்கட்டில் இருப்பார். இரவு இத்தனை மணிக்கு வாசற்கதவு சாத்தப்படும், இத்தனை மணிக்கு விளக்கு அணையும், குழாயடியில் இன்னாருக்குப் பின் இன்னார் என்று அவர் வகுத்த முறைகளைக் கதைகளிலும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் எள்ளி நகையாடாதவர் இல்லை. அந்த வீட்டுக்காரர்களுள் கொடியவர் இருந்தனர், அதை மறுப்பதற்கில்லை. எனினும் அவர்கள் ஒன்றை அறிந்திருந்தனர். மனிதரின் குணத்தைத் திருத்துவது வீட்டுக்காரரால் ஆகாது. குழாய்க்கும் கதவுக்கும் விளக்குக்கும் ஒரு முறை வகுப்பது அவரால் ஆகும். இக்கருத்தை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

உடனுறைவோர் முறையிடும்போது பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆளைப் பற்றியே பேசுகின்றனர். ‘அவன் தன்னலக்காரன்’ என்பர். ‘அவளுக்குப் பிறரைப் பற்றிய எண்ணமே இல்லை’ என்பர். கேட்பவர் அச்சொற்களைப் பிடித்துக்கொண்டால் கரை ஏற முடியாது. அச்சொற்களின் அடியில் கிடக்கும் பொருளைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் தண்ணீராகவோ மின்சாரமாகவோ குப்பையாகவோ சாவியாகவோ இருக்கும்.

நான் தங்கியிருந்த ஒரு வீட்டின் உரிமையாளர் நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர். 1956 நவம்பர் முதல் நாள் எல்லை பிரிந்தபோது உறவினர் தெற்கே இருக்க, இவர் தந்தையார் தொழிலை விட மனமின்றி இங்கேயே தங்கிவிட்டாராம். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். மாடியில் மூவர் இருந்தோம். விடியற்காலையில் நீராடும் நண்பர் தொட்டி நீர் முழுவதையும் தீர்த்துவிடுகிறார் என்று மற்றொருவர் குற்றம் சாட்டினார். இரண்டு வாரம் வாய்ச்சண்டை. பிறகு அதுவும் நின்று, பேச்சே இல்லை. செய்தி அண்ணாச்சிக்கு எட்டியது. இருவரும் தத்தம் நியாயத்தைச் சொல்ல அவர் திண்ணைக்கு ஓடினர். அவர் கையமர்த்தி, “தம்பி, முதல்ல டாங்கைப் பாப்போம், பொறவு பேசலாம்” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். கழிப்பறைத் தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி, இரவெல்லாம் ஓசையின்றி நீர் கழிந்துகொண்டிருந்தது. மறுநாள் பிளம்பர் வந்தார், வால்வு மாறியது, தொட்டியும் வற்றாது நின்றது. ஆனால் அந்த இருவரும் அந்தப் பருவம் முடியும் வரை முகங்கொடுத்துப் பேசவில்லை. முதல் நாளே ஒருவர் படி ஏறிப் பார்த்திருந்தால் அது நேர்ந்திராது. அந்த வீட்டில் மூன்றாமவனாக இருந்த நானும் ஏறிப் பார்க்கவில்லை.

தண்ணீர் இந்நகரில் எளிதாகக் கிடைப்பது போலத் தோன்றும். மழைக்குக் குறைவில்லை, அருவிக்கரையிலிருந்து குழாய் நீர் வருகிறது. ஆயினும் 2024 செப்டம்பரில் நாகர்கோவில் இரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் பணிக்காகப் பெருங்குழாய்களை இடம் மாற்றியபோது, நகரின் பல வார்டுகளில் நாட்கணக்கில் நீர் நின்றது; கல்வி நிலையங்களுக்கு விடுமுறையும் விட நேர்ந்தது. அந்த நாட்களில் பல வீடுகளில் முதலில் தீர்ந்தது தண்ணீர் அன்று, பொறுமையே. லாரி நீர் வாங்கினால் அதற்குப் பணம் தருவது யார், ஊருக்குப் போய்விட்டவர் பங்கு தர வேண்டுமா, ஒருவருக்கு எத்தனை வாளி என்பவை நீர் நின்ற பிறகு பேசினால் சண்டையாகும். வீடு புகும் நாளில் பேசினால் வெறும் கணக்காகும்.

மின்சாரக் கணக்கு இன்னும் நுட்பமானது. இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் இங்கே நல்ல மனம் படைத்தவர்களும் தவறு செய்கின்றனர். கேரள மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கட்டணம் கணக்கிடுகிறது. மாதத்திற்கு 250 யூனிட் வரை படிப்படியான முறை: முதற்படியில் உள்ள யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை, மேற்படியில் உள்ளவற்றுக்கு மட்டும் கூடிய விலை. 250ஐத் தாண்டினாலோ அந்தச் சலுகை மறைந்து, முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை எல்லாவற்றுக்கும் உயர்ந்த விலை.

இப்போது நால்வர் வாழும் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். இரண்டு மாதத்திற்கு 460 யூனிட் செலவாகிறது. அஃதாவது மாதம் 230, எல்லைக்குள்தான். சித்திரை வெயில் தாங்காமல் ஒருவர் தம் அறையில் குளிர்சாதனம் வைக்கிறார். அதற்கு 120 யூனிட். மொத்தம் 580. கட்டணச் சீட்டு வந்ததும் நால்வரும் திகைக்கின்றனர். குளிர்சாதனம் வைத்தவர் நேர்மையாளர். “என் 120 யூனிட்டுக்கு உரியதை நான் தந்துவிடுகிறேன்” என்கிறார். ஆனால் மற்ற மூவரும் பழைய அளவே செலவழித்தும், அவர்களுடைய யூனிட்டுகளின் விலையும் ஏறிவிட்டதே! அந்த ஏற்றம் யாரைச் சார்ந்தது? அவரைச் சார்ந்தது என்பதே என் கருத்து. அந்த அறைக்குத் தனியே ஒரு சிறு மீட்டர் பொருத்த வேண்டும். குளிர்சாதனம் இல்லாதிருந்தால் 460 யூனிட்டுக்கு என்ன கட்டணம் வந்திருக்குமோ, அதை வாரியத்தின் கட்டண அட்டவணையைக் கொண்டு கணக்கிட்டு நால்வருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். எஞ்சிய தொகை முழுவதும் குளிர்சாதனக்காரருடையது.

இதற்கு அவர் ஒரு மறுப்புச் சொல்லக்கூடும். “வீடு முன்பே எல்லையின் ஓரத்தில் நின்றது. நாற்பது யூனிட்டு இடைவெளிதான் இருந்தது. உங்கள் துணி தேய்க்கும் பெட்டியும் தண்ணீர்ச் சூடேற்றியும் அதற்குக் காரணம் அல்லவா?” இம்மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆதலின் இதைச் சீட்டு வந்த பிறகு வாதாடாமல், சாதனம் வாங்கும் முன்பே வீட்டுக்காரர் எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்து எழுதிவிட வேண்டும். ஏற்றத்தில் பாதியைப் பொதுவில் ஏற்பது என்று முடிவானாலும் தவறில்லை. எழுதிய கணக்கை யாரும் தம் மேல் உள்ள பகை என்று கருதமாட்டார்.

குப்பையும் இத்தகையதே. விளப்பில்சாலையில் இருந்த மாநகராட்சியின் குப்பை ஆலை, மக்கள் எதிர்ப்பினால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதன்பின் மட்கும் குப்பையை அவரவர் வீட்டிலேயே உரமாக்கும் வழக்கம் வளர்ந்தது. பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி வைத்தால் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து வாங்கிச் செல்கின்றனர். அதற்கு மாதக் கட்டணமும் உண்டு. பால் உறையைக் கழுவுவது யார் என்ற சிறு கேள்வியே பெரும் பகையாக மாறக் கண்டிருக்கிறேன். இதற்கு வேண்டியது ஒரு நாட்காட்டியும் நான்கு பெயரும். இதற்குமேல் இதைப் பற்றி எழுதக் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

இனி, முறையீட்டைக் கேட்கும் முறை. இங்கே ஒரு கசப்பான நிகழ்ச்சியைச் சொல்லவேண்டியிருக்கிறது. முதலாண்டில் நான் இருந்த வேறொரு வீட்டில், ஒருவருடைய பையிலிருந்து கொஞ்சம் பணம் காணாமற் போயிற்று. பணத்தை இழந்தவர் உடனே வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் மலையாளம் சரளமாகப் பேசுவார். ஐயத்திற்கு ஆளானவர் தென்காசிப் பக்கத்துப் பையன். ஊரை விட்டு வந்து மூன்று மாதம். மலையாளம் புரியும், பேச வராது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். அந்தப் பையனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனுடைய பெட்டியைத் தூக்கித் திண்ணையில் வைத்தார், சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் அவனுக்குத் தேர்வு. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு இரு மொழியும் வரும். ஆயினும் என் இடமும் போய்விடுமோ என்ற அச்சத்தால் நான் வாய் திறக்கவில்லை. பணத்தை எடுத்தவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. அவன் அந்தப் பருவத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டான்.

அந்த வீட்டுக்காரர் கொடியவர் அல்லர், அவசரக்காரர். முதலில் கேட்ட கதையே அவருக்கு உண்மைக் கதை ஆகிவிட்டது. மனித மனத்தின் இயல்பு அது. ஆதலால் நடுவராக இருப்பவர் அந்த இயல்புக்கு எதிராகவே சில பழக்கங்களை மேற்கொள்ள வேண்டும். ஒருவர் முறையிட்டால், மற்றவரை அன்றே கேட்க வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் கேட்ட கதை இரவில் இறுகிவிடும். இருவரையும் முதலில் தனித்தனியே கேட்டு, பின்னரே ஒருங்கே அமரச் செய்ய வேண்டும். முதலிலேயே ஒருங்கே அமர்த்தினால் நாவன்மை உடையவர் வெல்வார், நியாயம் உடையவர் அல்லர். எந்த மொழியில் ஒருவர் தம் மனத்தை முழுதும் திறக்க வல்லவரோ, அந்த மொழியில் பேச விட வேண்டும். வேண்டுமாயின் இரு மொழியும் அறிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இருமொழி வழங்கும் இந்நகரில் இது சிறிய செய்தி அன்று. இன்னொன்று: ‘அவன் அப்படிப்பட்டவன்’ என்று தொடங்கும் பேச்சை நிறுத்தி, ‘எந்த நாள், எந்த நேரம், என்ன நடந்தது?’ என்று கேட்க வேண்டும். பாதிப் பூசல் இந்தக் கேள்வியிலேயே கரைந்துவிடும். வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்றே பன்னிரண்டாம் அதிகாரத்தை வகுத்தார். ஒப்பிப்பதில் நம்மவர் வல்லவர். ஒரு முறை திண்ணையில் அமர்ந்து இருவர் வழக்கைக் கேட்டால்தான் அதன் அருமை விளங்கும்.

விருந்தோம்பலுக்கு அவர் வகுத்தது ஒன்பதாம் அதிகாரம். விருந்தினரால் வரும் பூசலும் உண்டு. ஆற்றுகால் பொங்கல் நாளில் இந்நகரத் தெருக்களெல்லாம் அடுப்பாகிவிடும். மாணவியர் தங்கிய வீடுகளுக்கு அன்னையரும் அத்தைமாரும் முதல் நாளே வந்து சேருவர். ஒருத்தியின் உறவினர் அறுவர் கூடத்தில் படுத்துக்கொண்டால் மற்ற மூவர் எங்கே படிப்பது? தடை செய்வது நாகரிகம் அன்று. வரம்பின்றி விடுவதும் முறை அன்று. எத்தனை பேர், எத்தனை இரவு என்பதை ஒரு வாரம் முன்பே உடனுறைவோரிடம் சொல்வது என்ற ஒரே விதி போதும். உணவுப் பூசலில் வீட்டுக்காரர் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். ஒருவர் மீன் சமைப்பார். மற்றொருவர்க்கு அந்த வாடை ஆகாது. எந்த உணவு உயர்ந்தது என்ற ஆராய்ச்சியில் அவர் இறங்கவே கூடாது. பாத்திரத்தைப் பிரிக்கலாம், அடுப்பைப் பிரிக்கலாம், சாளரத்தில் ஒரு காற்றுவாங்கி விசிறி பொருத்தலாம். பிறகும் ஆகாதவர்க்கு வேறு வீடு தேட உதவலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நலம். நாட்டு எல்லையைக் கடந்ததும் சட்டமும் மாறிவிடுகிறது. சென்னை மாநிலத்தில் 1960இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், ஒரு குடித்தனக்காரர் அதே கட்டடத்தில் வாழும் பிறருக்குத் தொல்லையாக நடந்துகொண்டால் அவரை வெளியேற்றக் கோரலாம் என்று தனிப் பிரிவே இருந்தது. ஒண்டுக் குடித்தன அனுபவம் அப்படிச் சட்டமாயிற்று போலும்! அச்சட்டத்தின் இடத்தில் 2019இல் வேறு சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கேரளத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டமோ, வெளியேற்றுவதற்குரிய காரணங்களாக வாடகை பாக்கி, உரிமையாளரின் உண்மையான சொந்தத் தேவை, இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்தின் மதிப்பை நிலையாகக் கெடுத்தல், தக்க காரணமின்றி ஆறு மாதம் தொடர்ந்து குடியிராமை முதலியவற்றைச் சொல்கிறது. உடனுறைவோர்க்குத் தொல்லை தருதல் என்பதை அவற்றுள் ஒன்றாகச் சொல்லவில்லை. எனவே ‘நீங்கள் சண்டை போடுகிறீர்கள், நாளையே வெளியேறுங்கள்’ என்னும் வீட்டுக்காரர் வாய்ச்சொல்லுக்கு இங்கே சட்டத்தின் துணை இல்லை. பேசித் தீர்ப்பது அவருக்குப் பெருந்தன்மை மட்டும் அன்று. வேறு வழியும் குறைவு.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, தக்க காரணமின்றிக் குடித்தனக்காரரின் வசதிகளை உரிமையாளர் நிறுத்தக்கூடாது என்கிறது. தண்ணீரை அடைப்பதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் பழைய வீட்டுக்காரர்களின் படைக்கலங்கள். அவை இன்று தம்மையே காயப்படுத்தும். குடித்தனக்காரரை வழக்கின்றி வலிந்து வெளியேற்றினால், 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடர்ந்து அவர் இடத்தை மீட்கலாம். இதை அன்று நான் அறிந்திருந்தால் அந்தத் தென்காசிப் பையனுக்குச் சொல்லியிருப்பேன்.

ஆனால் எல்லா மாணவரும் சட்டத்தின் கண்ணில் குடித்தனக்காரர் அல்லர். படுக்கைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாடகை உரிமை அன்று, இசைவு மட்டுமே. இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? புதுதில்லியில் இம்பீரியல் ஹோட்டலுக்குள் முடிதிருத்தகம் நடத்திய ஒருவருக்கும் ஹோட்டல் நிறுவனத்துக்கும் எழுந்த வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. தாளில் எழுதிய பெயரைப் பார்க்காமல் உடன்பாட்டின் உட்பொருளைப் பார்க்க வேண்டும். இடம் தனியே ஒருவர் வசம் விடப்பட்டதா என்பது முதன்மையான அடையாளம் என்று நீதிபதி சுப்பாராவ் விளக்கினார். இசைவில் தங்குபவரையும் அந்த நொடியே வெளியே தள்ளுவதற்கில்லை. 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட்ஸ் சட்டம், இசைவு நீக்கப்பட்டவர் வெளியேறவும் தம் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான கால அவகாசம் உண்டு என்கிறது.

கையெழுத்திட்ட மாணவர்க்கு ஒரு சொல். உடன் தங்குவது வேறு. உள்வாடகைக்கு விடுவது வேறு. ஓர் அறையைப் பூட்டும் சாவியுமாக இன்னொருவர் வசம் விட்டு வாடகை வாங்கினால், அது உள்வாடகை என்ற குற்றச்சாட்டுக்கு இடம் தரும். உரிமையாளர் அதற்குப் பதிவுத்தபாலில் அறிவிப்பு அனுப்பி, முப்பது நாளுக்குள் அது நீக்கப்படாவிட்டால் எல்லோரையும் வெளியேற்ற வழக்குத் தொடரலாம். ஆதலின் புதியவர் வரும்தோறும் உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெற்று, எல்லோர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு. அப்படிச் செய்தால் ஒருவருடைய தலைமேல் பாரம் ஏறாது. மற்றவரும் அவரை ஐயத்தோடு பார்க்கமாட்டார்.

நடுவர் வேலையை வீட்டுக்காரர் ஏற்கவே கூடாத இடமும் உண்டு. ஒருவர் அடிக்கிறார், அச்சுறுத்துகிறார், மூத்தவர் இளையவரைக் கொடுமைப்படுத்துகிறார் என்றால் அது பூசல் அன்று. ‘இரண்டு கை தட்டினால்தான் ஓசை’ என்று அங்கே சமரசம் பேசுவது அடிபட்டவருக்கு இரண்டாம் அடி. சிதம்பரத்தில் 1996இல் நடந்த மாணவர் கொலையை நம் பெற்றோர் இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூர்வர். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. கேரளத்தில் 1998இல் வந்த சட்டம் கல்லூரிக்கு உள்ளே மட்டுமன்றி வெளியே நடக்கும் ராகிங்கையும் தடுக்கிறது. வாடகை வீடு என்பதனால் அது கல்லூரிக்குத் தொடர்பற்ற இடம் ஆகிவிடாது. அத்தகைய வேளையில் வீட்டுக்காரர் செய்யத்தக்கது மூன்றே: துன்புற்றவரை அன்றிரவே வேறு அறைக்கு மாற்றுதல், கல்லூரிக்கும் அவர் பெற்றோர்க்கும் தெரிவித்தல், காவல் நிலையத்திற்குத் துணையாகச் செல்லுதல்.

எத்தனை முயன்றும் இருவர் சேர்ந்து வாழ இயலாமற் போவதுண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போகிறவர் யார் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்காமல் அவர்களிடமே விட வேண்டும். இருவரும் இருக்க விரும்பினால், யாருக்கு முதலில் வேறு இடம் கிடைக்கிறதோ அவர் போகட்டும் என்று ஒரு மாதம் பொறுக்கலாம். தேர்வு நடக்கும் வாரத்தில் யாரையும் இடம் மாறச் சொல்லக்கூடாது. போகும் நாளில் மீட்டர் அளவைக் குறித்து, சாவிகளை எண்ணி, முன்பணத்தில் அவர் பங்கை அன்றே கையில் கொடுக்க வேண்டும். ‘புதியவர் வந்ததும் தருகிறேன்’ என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் பலர். அந்த மாணவர் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியது இன்றைக்குத்தான்.